ஒரே அடுப்பில் அனைவருக்கும் அரசாணிக்காய்

மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பிய சில நாட்களிலேயே, அந்த வீட்டின் சமையல் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் குடும்பத்தாருக்கான குழம்பும் பொரியலும் கொதிக்கின்றன. மறுபக்கம் நோயாளிக்கென உப்பும் உறைப்பும் அற்ற கஞ்சி தனியே ஆறிக்கொண்டிருக்கிறது. சமைப்பவருக்கு வேலை இரட்டிப்பாகிறது. உண்பவருக்கோ, மற்றவர்கள் அமர்ந்திருக்கும் இலையிலிருந்து தாம் விலக்கி வைக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. மனம் சோர்ந்தால் பசியும் குறையும். உணவு குறைந்தால் புண் ஆறுவது தாமதமாகும், தசை வலிமை குன்றும், மருந்துகளைத் தாங்கும் ஆற்றலும் தளரும்.

ஆகவே, எங்கள் உணவியல் பிரிவில் ஆலோசனை பெற வருவோரிடம் நாங்கள் வலியுறுத்துவது ஒன்றுண்டு: இயன்றவரை ஒரே சமையலாகச் செய்யுங்கள், நோயாளிக்குரிய பங்கை, உப்பும் காரமும் சேர்க்கும் முன்பே தனியே எடுத்து வையுங்கள். இந்த முறைக்கு மிகவும் இசைந்து கொடுக்கும் காய்களுள் ஒன்று நம் கொங்கு மண்ணின் அரசாணிக்காய். விலை மலிவு; ஆண்டு முழுவதும் கிடைக்கிறது; முழுக்காயாக வைத்தால் நெடுநாள் கெடுவதில்லை; பத்து நிமிடத்தில் வெந்துவிடும்; பல் இல்லாதவரும் உண்ணலாம். அதனைத் தேர்ந்தெடுப்பது முதல் பரிமாறுவது வரை வீட்டில் எவ்வாறு கையாள்வது என்பதையும், எந்த நோயாளிக்கு எவ்வகையில் மாற்றிக் கொடுப்பது என்பதையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

பெயர்க் குழப்பம் வேண்டாம்

உணவு அட்டவணையில் 'பூசணி' என்று எழுதிக் கொடுத்தால் ஒருவர் மஞ்சள் சதையுள்ள காயை வாங்குகிறார். மற்றொருவர் சாம்பல் பூத்த வெண்ணிறக் காயை வாங்குகிறார். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கொடிகள்தாம். எனினும் வேறு வேறு காய்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் அரசாணிக்காய் என்று வழங்குவதே பிற மாவட்டங்களில் பரங்கிக்காய் என்றும் மஞ்சள் பூசணி என்றும் அழைக்கப்படுகிறது. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். கடல்வழியே ஐரோப்பியர் வந்த பின்னரே இது நம் நாட்டில் வேரூன்றியது. 'பரங்கி' என்னும் பெயரே பறங்கியர் கொண்டு வந்தது என்பதைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது. அயலிலிருந்து வந்த காய் இன்று தைப்பொங்கல் நாளில் அவரைக்காயோடு சேர்ந்து நம் இலையில் இடம்பெறும் அளவுக்கு உரிமை பெற்றுவிட்டது.

ஆயுத பூசை நாளில் வாசலில் சுற்றிப் போடுவதும், மோர்க்குழம்பில் இடுவதும் வெண்பூசணி. இது ஆசியாவுக்கே உரிய காய். இதில் நீர் மிகுதி. மாவுச்சத்தும் கலோரியும் அரசாணிக்காயில் உள்ளதைவிடக் குறைவு. அரசாணிக்காய்க்கு மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் சத்து இதில் இல்லை எனலாம். உங்கள் அட்டவணையில் எந்தக் காய் குறிக்கப்பட்டுள்ளது என்பதில் ஐயம் இருப்பின், அடுத்த முறை வரும்போது கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

காயில் உள்ளது என்ன?

சமைக்காத அரசாணிக்காய் 100 கிராமில் 90 கிராமுக்கு மேல் நீரே உள்ளது. கலோரி ஏறத்தாழ 25. மாவுச்சத்து 6 முதல் 7 கிராம். சோடியம் மிகச் சொற்பம். பொட்டாசியம் மட்டும் 340 மில்லிகிராம் அளவில் உள்ளது. பெரும்பாலோருக்கு அது நன்மையே. சிறுநீரக நோயாளிகளுக்கு அது கவனிக்க வேண்டிய செய்தி. அதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

சதையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ சத்தாக மாற்றிக்கொள்கிறது. கண்பார்வைக்கும் தோலின் நலத்துக்கும் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கும் இது தேவை. இச்சத்து கொழுப்பில் கரைவது. ஆதலால் நீரில் வேகவைத்த காயை அப்படியே கொடுப்பதைவிட, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொடுத்தால் உடல் அதனை நன்கு ஏற்றுக்கொள்ளும். 'நோயாளிக்கு எண்ணெயே கூடாது' என்று முற்றிலும் நீக்குவது பெரும்பாலும் தேவையற்றது. கொழுப்பை அடியோடு விலக்குமாறு மருத்துவர் கூறியிருந்தால் மட்டும் அவ்வறிவுரையைப் பின்பற்றுங்கள்.

தேர்ந்தெடுத்தலும் சேமித்தலும்

முற்றிய காய்க்குக் காம்பு காய்ந்து கட்டையாக இருக்கும். தோலின் மேல் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழாது. அளவுக்கேற்ற கனம் கையில் தெரிய வேண்டும். காம்பைச் சுற்றியும் அடிப்பகுதியிலும் மெதுமெதுப்போ, ஈரமோ, பூஞ்சையோ இருந்தால் அக்காயை வாங்க வேண்டாம்.

சிறு குடும்பத்தினர் சிறு காயையே நாடுவது நன்று. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 இரகத்தின் காய் 7 முதல் 8 கிலோ வரை எடையுள்ளது. கோ 2 இரகத்தின் காய் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 கிலோ எடையே கொண்டது. இரண்டு கிலோக் காயில் தோலும் விதையும் நீக்கினால் ஏறக்குறைய 1,400 கிராம் சதை கிடைக்கும். நால்வர் உள்ள குடும்பம் அதனை மூன்று வேளைகளில் தீர்த்துவிடலாம். ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர் முதலிய உழவர் சந்தைகளில் காலை வேளையில் சிறு காய்களைத் தேடிப் பாருங்கள்.

முழுக்காயைக் காம்போடு, வெயில் படாத, காற்றோட்டமுள்ள, உலர்ந்த இடத்தில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேலும் கெடாது. ஆனால் வெட்டிய கணம் முதல் அது விரைவில் கெடக்கூடிய பொருளாகிவிடுகிறது. வெட்டிய துண்டில் விதையையும் நாரையும் வழித்து நீக்கி, மூடியுள்ள பாத்திரத்தில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாட்களுக்குள் சமைத்துவிடுங்கள்.

கடைகளில் கீற்றாக வெட்டி அடுக்கியிருக்கும் துண்டுகளை ஈ மொய்க்கிறது. தெருப் புழுதி படிகிறது. ஒரே கத்தி பல காய்களிலும் பட்டு வருகிறது. புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் ஆகியோரின் வீடுகளில் முழுக்காயையே வாங்கி, வீட்டில் கழுவி வெட்டுவது பாதுகாப்பானது.

கையைக் காத்து வெட்டுதல்

அரசாணிக்காயின் தோல் கடினம். கத்தி வழுக்கி விரலில் படுவது எளிது. பராமரிப்பாளரின் கையில் வெட்டுக்காயம் ஏற்பட்டால், நோயாளியின் உணவையும் புண்ணையும் தொடும் கைக்கே கேடு வந்துவிடுகிறது. எனவே அவசரமின்றிக் கீழ்க்காணும் முறையில் வெட்டுங்கள்.

1. கைகளைச் சோப்பினால் கழுவுங்கள். காயை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். தோலை நீக்கத்தானே போகிறோம் என்று இதனை விட்டுவிடக் கூடாது. தோலிலுள்ள மண்ணும் கிருமியும் கத்தியின் வழியே சதைக்குள் சென்றுவிடும்.

2. வெட்டும் பலகையின் அடியில் ஈரத் துணியை விரித்தால் பலகை நகராது. காம்புப் பகுதியையும் அடிப்பகுதியையும் மெல்லச் சீவி, தட்டையான பக்கத்தைக் கீழே வைத்து, மேலிருந்து கீழாக இரு பாதியாகப் பிளந்துகொள்ளுங்கள். அரிவாள்மணையில் பழகியோர், முதலில் பாதியாக்கும் வேலையைக் கனமான கத்தியால் முடித்துக்கொண்டு, பின்னர் சிறு கீற்றுகளை மணையில் நறுக்கலாம்.

3. மூட்டு வலி, கை நடுக்கம் உள்ளவர்கள் பெரிய கீற்றுகளைத் தோலுடன் இட்லிப் பானையில் ஏழெட்டு நிமிடம் ஆவியில் வைத்து எடுத்து ஆறவிடலாம். அதன் பின் தோல் எளிதில் உரிந்து வரும்.

4. சமைக்கும் முன் ஒரு சிறு துணுக்கை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். காயை முழுவதும் எறிந்துவிடுங்கள். இதற்கான காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் கூறியுள்ளோம்.

5. இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக நறுக்குங்கள். நறுக்கிய துண்டுகளை நீரில் நெடுநேரம் ஊறவிட்டால் வைட்டமின் சி கரைந்து போகும். சிறுநீரக நோயாளிகளுக்குச் சமைக்கும்போது மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

அடிப்படைச் சமையல்: முதலில் வேகவை, பின்னர் பிரி

நால்வருக்கு 500 கிராம் நறுக்கிய துண்டுகள் போதும். அடி கனத்த பாத்திரத்தில் கால் தம்ளர் நீரும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் துண்டுகளும் இட்டு மூடி, சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம் வேகவிடுங்கள். காயே நீர் விடும். ஆதலால் மிகுதியாக நீர் ஊற்ற வேண்டாம். அடிக்கடி கிளறினால் குழைந்துவிடும். இந்நிலையில் உப்பு, காரம், வெல்லம் எதுவும் சேர்க்கக் கூடாது.

வெந்ததும் நோயாளியின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சியதைக் குடும்பத்தாரின் சுவைக்கேற்பத் தாளித்து முடியுங்கள். நோயாளியின் பங்கும் அதே எண்ணெயில், அதே கடுகு கறிவேப்பிலையில் தாளிக்கப்படலாம்; உப்பும் மிளகாயும் மட்டுமே மாறுகின்றன. இதனால் வேலை ஐந்து நிமிடமே கூடுகிறது. சிறுநீரக நோயாளியின் பங்கை மட்டும் வேகவைக்கும் முன்பே பிரித்துக்கொள்ள வேண்டும்.

இனி, ஒவ்வொரு நிலைக்கும் ஏற்ற முறையைக் காண்போம். இங்குத் தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர் அளவுள்ளது.

நீரிழிவு உள்ளோர்க்கு: தட்டைப்பயறு அரசாணிக் குழம்பு

'அரசாணிக்காய் இனிக்கிறதே, சர்க்கரை நோயாளி உண்ணலாமா?' என்பது அடிக்கடி எழும் வினா. இக்காயின் கிளைசெமிக் குறியீடு 75 என்று பட்டியல்களில் காணப்படுகிறது. அது உயர்ந்த அளவுதான். ஆனால் அக்குறியீடு குறிப்பிட்ட அளவு மாவுச்சத்தை உண்டால் இரத்தச் சர்க்கரை எவ்வளவு உயரும் என்பதையே காட்டுகிறது. 100 கிராம் காயில் மாவுச்சத்து 6 முதல் 7 கிராமே உள்ளது. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் உள்ளது. ஆகவே ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணம் பொரியலோ குழம்புக் காயோ உண்பதால் சர்க்கரை பெரிதும் உயர்வதில்லை. உயர்த்துவது அதனுடன் சேரும் வெல்லமும், மேலும் ஒரு கரண்டிச் சோறும்தான். அரசாணி அல்வாவும் பாயசமும் இக்கணக்கில் சேரா.

பயறுடன் சேர்த்துச் சமைக்கும் கொங்கு வழக்கம் நீரிழிவு நோயாளிகளுக்கு நல்லது. பயற்றின் புரதமும் நாரும் சர்க்கரை மெல்ல ஏற உதவுகின்றன.

தேவையானவை: தட்டைப்பயறு 100 கிராம், அரசாணித் துண்டுகள் 300 கிராம், சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், தக்காளி 1, கொத்தமல்லி விதை 2 தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, வரமிளகாய் 2, தேங்காய்த் துருவல் 4 தேக்கரண்டி, கடலை எண்ணெய் 2 தேக்கரண்டி, கடுகு, கறிவேப்பிலை, உப்பு.

செய்முறை: பயற்றை ஆறு மணி நேரம் ஊறவைத்து, அந்நீரை வடித்து, புது நீரில் மலர வேகவையுங்கள். கொத்தமல்லி, சீரகம், மிளகாய் ஆகியவற்றை வறுத்து, தேங்காயுடன் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் பூண்டும் தக்காளியும் வதக்கி, காயைச் சேர்த்துச் சிறிது நீர் ஊற்றி மூடுங்கள். காய் முக்கால் பதம் வெந்ததும் பயற்றையும் அரைத்த விழுதையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இறுதியில் உப்பிடுங்கள். சோற்றின் அளவைக் கூட்டாமல், குழம்பிலுள்ள காயையும் பயற்றையும் மிகுதியாகப் பரிமாறுங்கள். உண்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின் வீட்டுக் கருவியில் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வைத்தால், உங்கள் உடலுக்கு எவ்வளவு ஏற்கும் என்பது உங்களுக்கே தெளிவாகும்.

இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளோர்க்கு: உப்புக் குறைந்த பொரியல்

ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பே ஏறத்தாழ அந்த அளவுதான். அரசாணிக்காயில் இயல்பான இனிப்பு இருப்பதால், மற்றக் காய்களைவிடக் குறைந்த உப்பிலேயே சுவை நிறைகிறது.

வெந்த 500 கிராம் காய்க்கு 2 தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, நறுக்கிய சின்ன வெங்காயம் தாளித்து, நால்வருக்கும் சேர்த்து அரைத் தேக்கரண்டிக்கு மிகாமல் உப்பிட்டு, தேங்காய்த் துருவல் தூவி இறக்குங்கள். வறுத்துப் பொடித்த சீரகம், மிளகு, இறுதியில் சில துளி எலுமிச்சைச் சாறு ஆகியவை உப்பின் குறையை மறைக்கும். இவ்வளவும் செய்துவிட்டுப் பக்கத்தில் ஊறுகாயும் அப்பளமும் வைத்தால் பயனில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

சிறுநீரக நோய் உள்ளோர்க்கு: வேகவைத்து வடித்த காய்

சிறுநீரகம் பழுதுற்றவரின் உடலிலிருந்து பொட்டாசியம் சரிவர வெளியேறுவதில்லை. இரத்தத்தில் அது மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்தும். ஆதலால், அரசாணிக்காயை உண்ணலாமா, வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு என்பதை அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டு மருத்துவரும் உணவியல் வல்லுநருமே முடிவு செய்ய வேண்டும்.

அவர்கள் இசைவு தந்திருப்பின் இவ்வாறு செய்யுங்கள்: தோலை நீக்கி, காயை அரைச் சென்டிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய வில்லைகளாக நறுக்கிக் கழுவுங்கள். 100 கிராம் காய்க்கு ஒரு லிட்டர் என்ற அளவில் நிறைய நீரைக் கொதிக்கவைத்து, அதில் வில்லைகளை மென்மையாகும் வரை வேகவைத்து, நீரை முற்றிலும் வடித்துக் கொட்டிவிடுங்கள். பச்சைக் காயை நீரில் ஊறவைப்பதைக் காட்டிலும் இதுவே பயன் மிக்கது. பொட்டாசியத்தின் ஒரு பகுதிதான் இவ்வாறு வெளியேறும். முழுவதும் நீங்கிவிட்டதாக எண்ணி அளவை மீற வேண்டாம். வடித்த நீரைக் குழம்புக்கோ இரசத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. பின்னர் சிறிது எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துப் பரிமாறுங்கள். தேங்காய்த் துருவலிலும் பொட்டாசியம் உண்டு. அதனைத் தவிர்ப்பது நன்று. அரசாணி விதையிலோ பொட்டாசியமும் பாஸ்பரசும் மிகுதி. இந்நோயாளிகளுக்கு அது வேண்டாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை மிக இன்றியமையாதது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடைகளில் விற்கப்படும் உப்புகளில் சோடியத்துக்கு ஈடாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தவே கூடாது. மேலும், நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் அரசாணிச் சூப்பையும் குழம்பின் நீரையும் அன்றைய நீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விழுங்க இயலாதோர்க்கும் வாய்ப்புண் உள்ளோர்க்கும்: அரசாணி மசியல்

பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு விழுங்கும் திறன் குறைகிறது. நீர்த்த உணவு மூச்சுக்குழலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கக்கூடும். நார் உள்ள உணவு தொண்டையில் சிக்கக்கூடும். விழுங்கல் பரிசோதனைக்குப் பின் 'மசித்த உணவு கொடுக்கலாம்' என்று கூறப்பட்டவர்களுக்கு மட்டுமே இம்முறை உரியது.

தோலும் நாரும் முழுதும் நீக்கிய 150 கிராம் காயை நன்கு குழைய வேகவைத்து, 2 மேசைக்கரண்டி வெந்த பாசிப்பருப்பும் ஒரு தேக்கரண்டி நெய்யும் சேர்த்து மிக்சியில் அரைத்து, சல்லடையில் தேய்த்து வடிகட்டுங்கள். பதம் பார்க்கும் முறை எளிது: கரண்டியில் எடுத்தால் குவிந்து நிற்க வேண்டும், கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், கட்டியோ ஒட்டும் தன்மையோ இருக்கக் கூடாது, நீர் தனியே பிரிந்து நிற்கக் கூடாது. நீர்த்திருந்தால் மீண்டும் அடுப்பில் வைத்துச் சுண்டவிடுங்கள்.

நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு சிறு கரண்டியாக, முன்னது விழுங்கப்பட்டதை உறுதி செய்துகொண்டு அடுத்ததைக் கொடுங்கள். உண்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம். இருமலோ, குரலில் ஈரத் தன்மையோ, மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள். மூக்குக் குழாய் வழியே உணவு பெறுவோர்க்கு இம்மசியலை நீங்களாகவே கரைத்துச் செலுத்த வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும்.

கீமோதெரபி, கதிரியக்கச் சிகிச்சை ஆகியவற்றால் வாய்ப்புண் ஏற்பட்டோர்க்கும் இதே மசியல் ஏற்றது. அவர்களுக்கு மிளகு, புளி, எலுமிச்சை ஆகியவற்றை நீக்கி, சூடு தணிந்தபின் கொடுங்கள்.

பசி குறைந்தோர்க்கு: அரசாணி சேர்த்த அரிசிம்பருப்புச் சோறு

கொங்கு வீடுகளில் பிறந்து வளர்ந்தோர்க்கு அரிசிம்பருப்புச் சோற்றின் மணமே பசியைத் தூண்டும். காய்ச்சலோ அறுவையோ கழிந்து மெல்ல உண்ணத் தொடங்குவோர்க்கு இதனைக் குழைவாகச் செய்து கொடுக்கலாம்.

ஒரு தம்ளர் அரிசி, அரைத் தம்ளர் துவரம்பருப்பு, 200 கிராம் அரசாணித் துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். குக்கரில் 2 தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், தக்காளி 1 ஆகியவற்றை வதக்கி, மஞ்சள்தூள் சேர்த்து, கழுவிய அரிசி, பருப்பு, காய் ஆகியவற்றையும் ஐந்து தம்ளர் நீரையும் ஊற்றி, ஐந்து விசில் வரை வையுங்கள். நோயாளியின் பங்கை எடுத்த பின், எஞ்சியதில் உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து ஒரு கொதி விட்டுக் குடும்பத்தார் உண்ணலாம். நோயாளியின் கிண்ணத்தில் அவருக்கு உரிய அளவு உப்பும், ஒரு தேக்கரண்டி நெய்யும் கலந்து கொடுங்கள். பெரிய தட்டில் நிறைய வைத்து வற்புறுத்துவதைவிட, இரண்டு மூன்று மணி நேர இடைவெளியில் சிறு கிண்ணமாகக் கொடுப்பதே பலன் தரும்.

மறவாமல் கடைப்பிடிக்க வேண்டியவை

கசக்கும் காய் நஞ்சாகலாம். பூசணி, சுரை, வெள்ளரி முதலிய கொடிக் காய்களில் சில வேளைகளில் குக்கர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருள் மிகுந்துவிடுகிறது. வேகவைத்தாலும் அது அழிவதில்லை. கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தோர்க்கு நேர்ந்த கடும் பாதிப்புகளை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு, 2012-இல் வெளியான தன் அறிக்கையில், கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. இதற்கென மாற்று மருந்து இல்லை. கசப்பான காயையோ சாற்றையோ உண்ட பின் வாந்தி, வயிற்று வலி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். 'கசந்தால்தான் மருந்து' என்னும் எண்ணம் இக்காய்களுக்குப் பொருந்தாது.

சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். எஞ்சியதை உடனே குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த வேளை ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரு முறைக்கு மேல் மீண்டும் சூடாக்காமல் முடித்துவிடுங்கள். தேங்காய் சேர்த்தது இன்னும் விரைவில் ஊசிப்போகும்.

விதைகளை எறிய வேண்டியதில்லை. கழுவி, உலர்த்தி, உப்பில்லாமல் வறுத்தால் நல்ல சிற்றுண்டி. ஓடு நீக்கிய விதை 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராம் புரதம் உள்ளது; ஆனால் கலோரியும் 550-க்கு மேல். ஆகவே உடல் நலமுள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். விழுங்கச் சிரமப்படுவோர்க்கும் சிறு குழந்தைகளுக்கும் விதை கொடுக்கக் கூடாது.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

*பூசணி குளிர்ச்சி, சளி பிடிக்கும் என்கிறார்களே?*
சளி வைரசுக் கிருமிகளால் வருவது. நன்கு வேகவைத்து இளஞ்சூட்டில் உண்ணும் காயால் சளி பிடிப்பதில்லை. சித்த மருந்து உட்கொள்வதால் பத்தியம் காப்பவர்கள், அதனை எங்களிடமும் தெரிவியுங்கள். இரு மருத்துவத்துக்கும் இசைந்த வேறு காயைத் தேர்ந்து தருவோம்.

*உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது, மஞ்சள் காமாலையா?*
அரசாணி, கேரட், பப்பாளி ஆகியவற்றை நாள்தோறும் மிகுதியாக உண்போர்க்குக் கரோட்டின் தோலில் படிந்து உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகலாம். அப்போது கண்ணின் வெண்பகுதி வெண்மையாகவே இருக்கும். கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகத் தெரிந்தால் அது காமாலையாக இருக்கக்கூடும். உடனே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

*வெண்பூசணிச் சாற்றை வெறும் வயிற்றில் குடித்தால் மருந்தை நிறுத்தலாமா?*
கூடாது. எந்தக் காயும், எந்தச் சாறும் மருத்துவர் எழுதிய மாத்திரைக்கு ஈடாகாது.

*குழந்தைக்கு எப்போது கொடுக்கலாம்?*
ஆறு மாதம் நிறைந்த பின், தாய்ப்பாலுடன் இணை உணவாக, நன்கு மசித்து, உப்பும் சர்க்கரையும் சேர்க்காமல் ஓரிரு கரண்டியில் தொடங்கலாம்.

*இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உட்கொள்கிறேன். அரசாணி உண்ணலாமா?*
காயின் சதையை வழக்கமான அளவில் உண்ணலாம். அரசாணிக் கொடியின் கீரை உள்ளிட்ட பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே உண்டு. அவற்றைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நிறைவாக

இங்குக் கூறிய அளவுகள் பொதுவானவை. ஒருவருக்கே நீரிழிவும் சிறுநீரக நோயும் சேர்ந்திருக்கலாம். அப்போது இரண்டில் எதற்கு முதலிடம் என்பதை உங்கள் மருத்துவரே கூற இயலும். அடுத்த முறை வருகை தரும்போது, ஒரு வாரம் வீட்டில் என்ன சமைத்தீர்கள், நோயாளி எவ்வளவு உண்டார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். அத்தாளைக் கொண்டு உங்கள் வீட்டுச் சமையலிலேயே தேவையான மாற்றங்களைச் செய்து தர இயலும்.

இந்த வாரம் ஒரு சிறு அரசாணிக்காயை வாங்கி, முதலில் வேகவைத்து, பின்னர் பங்கு பிரித்துப் பாருங்கள். நோயாளியையும் மற்றவர்களோடு ஒரே வரிசையில் அமர்த்தி, ஒரே வேளையில் பரிமாறுங்கள்.